'மாப்' என்னும் முகமூடி

அடித்துக் கொல்லப்பட்டவனைப் பற்றி நமது நாளேடுகள் எவ்வளவோ கூறுகின்றன. அவன் பெயர், வயது, ஊர், தந்தையின் பெயர், எந்த வண்டியில் வந்தான், பையில் என்ன வைத்திருந்தான், விட்டுச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர், ஒன்றும் விடுபடுவதில்லை. கொன்றவர்களைப் பற்றிக் கூறுவதோ ஒரே ஒரு சொல். ஆங்கில ஏடாயின் 'மாப்'. தமிழ் ஏடாயின் அதன் நிழலாகிய 'கும்பல்'. அச்சொல்லுக்கு வயதில்லை, ஊரில்லை, தகப்பன் பெயரும் இல்லை.

நமக்கு அறிமுகமான செய்தியாசிரியர் ஒருவரிடம் இதனைக் குறித்து ஒருமுறை கேட்டோம். முதல் தகவல் அறிக்கையில் பதினோரு பெயர்கள் இருக்க, ஒன்றையேனும் அச்சிடலாகாதா என்றோம். "குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லையே ஐயா" என்றார். நியாயமான விடைதான். ஆனால் அதே நாளில் அதே ஏட்டின் அதே பக்கத்தில், கோழி திருடியதாகப் பிடிபட்ட ஒருவனின் பெயரும் படமும் இருந்தன. அவன் குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டிருக்கவில்லை. அதனைச் சுட்டியபோது அவர் சற்றுத் தயங்கி, "மாப் என்றால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கிவிடுகிறது" என்றார். எளிதில் விளங்கிவிடுகிறது என்பதன்றோ நமது குற்றச்சாட்டே! விளங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் விளங்கியதுபோன்ற ஓர் அமைதியை அச்சொல் தந்துவிடுகிறது.

இச்சொல்லின் பிறப்பு வரலாற்றை அறிந்தவர் நம்மிடையே சிலரே. ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

'மாப்' முழுச்சொல் அன்று. ஒரு தொடரின் துண்டு. 'மோபிலே வுல்குஸ்' என்பது இலத்தீன் தொடர். வுல்குஸ் என்றால் பொதுமக்கள். மோபிலே என்றால் நிலையற்ற, எளிதில் அசையும். காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாயும் மக்கள் என்பது தொடரின் பொருள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இது முதலில் 'மோபிலே' எனச் சுருங்கிற்று. பின்னர் 'மாப்' என ஓரசையாயிற்று. ஒன்றை இங்குக் கவனித்தல் வேண்டும். உதிர்ந்துபோன பகுதி எது? மக்கள் என்னும் பெயர்ச்சொல். எஞ்சி நின்றது எது? அவர்களைப் பழிக்கும் அடைமொழியின் தலை மட்டும். சொல்லிலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் மனிதர்களே.

சொற்கள் சுருங்குவது இயல்புதானே எனலாம். ஆம், இயல்புதான். 'ஆம்னிபஸ்' என்பது இலத்தீனில் 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும். அதன் தலையையும் உடலையும் விட்டுவிட்டு வேற்றுமை உருபை மட்டும் பிடித்துக்கொண்டதே 'பஸ்'. 'எல்லோருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் எஞ்சி, அதில் நாம் ஏறி மதுரைக்குச் செல்வது போன்றது அது. அதனால் யாருக்கும் தீங்கில்லை. 'டெலிபோன்' போனாயிற்று, 'லெபாரட்டரி' லேபாயிற்று. யாரும் அழவில்லை.

'மாப்' அப்படிப்பட்டதன்று. அது பிறந்த இடத்தை ரோஜர் நார்த் என்னும் வழக்கறிஞர் எழுதி வைத்துள்ளார். அவர் மறைவுக்குப் பின் 1740இல் வெளியான நூலில் அச்செய்தி உள்ளது. இலண்டனின் ஃப்ளீட் தெருவை ஒட்டி, சான்சரி லேன் முனையில் இருந்த ஒரு மதுவிடுதியில் 'பச்சை ரிப்பன் கழகம்' என்றொரு கழகம் கூடியது. உறுப்பினர்கள் பிரபுக்கள், நாடாளுமன்றத்தினர், வழக்கறிஞர்கள். தொப்பியில் பச்சை ரிப்பன் அணிந்தவர்கள். கத்தோலிக்கரான யார்க் கோமகன் அரியணை ஏறலாகாது என்று 1679 முதல் 1681 வரை நிகழ்ந்த பெரும் அரசியல் போராட்டத்தில் முன்னின்றவர்கள் இவர்கள். நவம்பர் 17ஆம் நாளில் போப்பாண்டவரின் உருவ பொம்மையைத் தூக்கிக்கொண்டு பல்லாயிரம் பேர் தீவட்டிகளுடன் இலண்டன் தெருக்களில் ஊர்வலம் சென்று, டெம்பிள் பார் அருகே அதனை எரித்தார்கள். பொம்மைக்கும் பந்தத்திற்கும் ஏற்பாடு செய்தவர்கள் ரிப்பன் அணிந்த கனவான்கள். அக்கழகத்தின் கூட்டங்களில்தான் அதுவரை வேறு பெயர்களால் வழங்கிய திரளுக்கு 'மாப்' என்னும் புதுப்பெயர் வழங்கலாயிற்று என்கிறார் நார்த். அத்திரளை அக்கழகத்தாரின் பொதிமாடு என்ற கருத்துப்படவும் அவர் எழுதுகிறார். நார்த் எதிர்க்கட்சிக்காரர், அவர் கூற்றில் பகை கலந்திருக்கக்கூடும். எனினும் இச்செய்தி எத்துணைப் பொருத்தம் உடையது! கூட்டத்தைக் கூட்டியவனே, பந்தத்தைக் கையில் கொடுத்தவனே, அதற்குப் பெயரும் வைத்தான். வைத்த பெயர், தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காட்டும் பெயர்.

இச்சொல்லின்மீது முதலில் போர் தொடுத்தவர் ஜோனதன் ஸ்விஃப்ட். 1710 செப்டம்பரில் 'டேட்லர்' இதழின் 230ஆம் எண்ணில், சொற்களின் வாலை நறுக்கும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். 'மாப்' என்பதைத் தடுத்து நிறுத்தப் பல ஆண்டுகள் முயன்றதாகவும், எண்ணிக்கை மிகுந்தோரால் தாம் வீழ்த்தப்பட்டதாகவும் அதில் முறையிட்டார். மாப் என்னும் சொல்லை எதிர்த்தவரை மாபே வென்றது போலும்! மறு ஆண்டு ஆகஸ்டில் அடிசனும் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் இதே குறையைப் பாடினார். 1712இல் ஸ்விஃப்ட் ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஒரு கழகம் வேண்டுமென்று ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு விண்ணப்பமே எழுதினார்.

ஸ்விஃப்டின் நடைக்கு நாம் அடிமை. அவர் கோபத்திற்கு அல்லர். சொல்லின் அசைகள் குறைந்ததே அவருக்குக் குற்றமாகப் பட்டது. அவர் அக்கட்டுரையை எழுதிய அதே 1710இல், மார்ச் முதல் நாள் இரவில், இலண்டனில் என்ன நடந்தது? சாஷெவெரல் என்னும் மதகுருவின்மீது நாடாளுமன்றம் தொடுத்த வழக்கைச் சாக்கிட்டு, மாற்றுப் பிரிவுக் கிறித்தவர்களின் தொழுகைக்கூடங்களை இடித்து, பலகைகளையும் இருக்கைகளையும் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். பிடிபட்டவர்களுள் டேனியல் டாமரி என்பவன் அரசியாரின் படகோட்டி; அரண்மனைச் சின்னம் அணியும் ஊழியன். அவனுக்குப் பெயர் உண்டு, தொழில் உண்டு, தலைவி உண்டு. இராசத்துரோகக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கிடைத்தது. அந்த மன்னிப்பைப் பற்றிச் சினந்திருக்க வேண்டிய பேனா, வெட்டப்பட்ட அசைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்து 1780. கத்தோலிக்கர்மீதிருந்த சில தடைகளை 1778ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. அதனை நீக்கக் கோரி, புராட்டஸ்டண்ட் சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் கார்டன் பிரபு ஜூன் 2ஆம் நாள் பல்லாயிரவரைத் திரட்டி நாடாளுமன்றத்தை நோக்கி நடத்திச் சென்றார். அன்றிரவே தூதரகங்களின் கத்தோலிக்க ஆலயங்கள் தாக்கப்பட்டன. ஜூன் 6இல் நியூகேட் சிறை எரிந்தது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் இல்லமும் அதனுள் இருந்த அரிய நூலகமும் சாம்பலாயின. படை வந்தது, அதிகாரிகளின் கணக்கில் 285 பேர் மாண்டனர். தூக்கிலிடப்பட்டோர் ஏறத்தாழ 25 பேர். கலகத்தை அடக்கத் தவறிய இலண்டன் மேயருக்கு 1000 பவுன் அபராதம். கார்டன் பிரபு? 1781 பிப்ரவரியில் வழக்கு நடந்தது. எர்ஸ்கின் என்னும் புகழ்மிக்க வழக்கறிஞர் வாதாடினார். பிரபு விடுதலையானார்.

இக்கலகத்தைப் பற்றி எழுதியவர்கள் நெடுங்காலம் 'மாப்' என்றே எழுதிக் கடந்தார்கள். குற்றவாளிகள், குடிகாரர்கள், நாடோடிகள், சேரியின் கசடுகள் என்று அச்சொல்லுக்குள் எதையும் போட்டு நிரப்ப முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ரூடே என்னும் வரலாற்றறிஞர் யாவரும் செய்யத்தக்க, ஆனால் யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். நீதிமன்ற ஏடுகளைப் புரட்டிப் பெயர்களைப் படித்தார். அப்பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் கூலிவேலை செய்வோர், தொழில் பயில்வோர், வீட்டு ஊழியர், சிறு கடைக்காரர் எனக் கண்டார். நிலையான வீடும் தொழிலும் உள்ளவர்கள். முன்குற்றம் உள்ளவர் மிகச் சிலர். தாக்கப்பட்டோரும் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அல்லர்; ஏழைக் கத்தோலிக்கரைவிட வசதியுள்ள கத்தோலிக்கரே மிகுதியும் இலக்காயினர். பிரெஞ்சுப் புரட்சியின் திரள்களைப் பற்றி 1959இலும், பொதுவாகத் திரள்களின் வரலாற்றைப் பற்றி 1964இலும் அவர் எழுதிய நூல்கள் அம்முறையில் எழுந்தவையே.

இதனால் கலகக்காரர்கள் தூயவர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை, மாறாக, அவர்கள் மனிதர்கள் ஆனார்கள். காரணமும் கணக்கும் உள்ள மனிதர்கள். ஆதலின் பொறுப்பும் உள்ள மனிதர்கள். காட்டாற்றைக் கூண்டில் ஏற்ற முடியாது. செருப்புத் தைப்பவனையும் அவனை அழைத்துச் சென்ற பிரபுவையும் ஏற்ற முடியும்.

அறிஞர் சிலர் இங்கு நம்மை மறிப்பர். கூட்டத்தில் சேர்ந்த மனிதன் தன் அறிவை இழக்கிறான். அங்குத் தனிமனிதனே இல்லை. ஆகவே மாப் என்பது மெய்யான பொருளுக்குரிய மெய்யான பெயர் என்பர். குஸ்தாவ் லெ போன் 1895இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலின் சாரம் அதுவே. 1871இல் பாரிஸ் கம்யூனைக் கண்டு நடுங்கிய வகுப்பாரின் அச்சம் அந்நூலின் வரிகளில் படிந்திருக்கிறது. அவர் ரூடேயைப் போல நீதிமன்ற ஏடுகளிலிருந்து பெயர்களைத் திரட்டி எழுதியவரும் அல்லர். தனித்திருக்கையில் செய்யத் துணியாததை ஒருவன் பலரோடு சேர்ந்து செய்கிறான் என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அவன் துணிந்ததற்குக் காரணம் அறிவை இழந்தமையன்று. பிடிபட மாட்டோம் என்ற கணக்கு. அக்கணக்குச் சரியாக வருவதற்கு 'மாப்' என்னும் சொல்லும் ஒரு துணை.

இக்கணக்கை அமெரிக்கா அறிந்த அளவுக்கு வேறு நாடு அறிந்ததில்லை. கறுப்பினத்தார் மரங்களில் தொங்கவிடப்பட்ட பல பத்தாண்டுகளில், பிணவிசாரணை அதிகாரிகள் எழுதிய வாசகம் ஏறக்குறைய ஒன்றே: அறியப்படாத நபர்களின் கையால் மரணம். 1892 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத்தார் மூவர் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் ஒரு மளிகைக் கடையை வெற்றியுடன் நடத்தியவர்கள். எதிரே வெள்ளையர் ஒருவரின் மளிகைக் கடை இருந்தது. இதனை விடாமல் எழுதியவர் ஐடா பி. வெல்ஸ் என்னும் பெண் பத்திரிகையாளர். 'மாப்' என்று நிறுத்திக்கொள்ளாமல், யார், எங்கே, எதன்பொருட்டு என்று அவர் கேட்டார். மூன்று மாதத்திற்குள் அவருடைய பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. மாபின் தொழில் என்னவென்று கேட்டால் மாபுக்கு எவ்வளவு கோபம் வருகிறது பாருங்கள்!

1930 ஆகஸ்ட் 7ஆம் நாள் இரவு, இந்தியானா மாநிலத்தின் மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஆப்ரம் ஸ்மித் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் நீதிமன்றச் சதுக்கத்தில் தொங்கவிடப்பட்டனர். லாரன்ஸ் பைட்லர் என்னும் புகைப்படக்காரர் அங்கு எடுத்த படம் உலகறிந்தது. அதில் பிணங்களைவிடத் தெளிவாகத் தெரிவன கீழே நிற்போரின் முகங்கள். ஒருவர் விரலால் மேலே சுட்டுகிறார், சிலர் முறுவலிக்கின்றனர், நல்ல உடையணிந்த பெண்களும் நிற்கின்றனர். அப்படத்தின் படிகள் ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. முகமெல்லாம் தெரிந்த அக்குற்றத்திற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. புகைப்படக் கருவி தெளிவாகக் காட்டியவர்களை ஒரு சொல் இருளில் நிறுத்திவிட்டது.

இச்சொல்லுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. குற்றவாளிகளை மறைக்கும் அதே சொல், குற்றமற்றவர்கள்மீதும் வீசப்படும். 1819 ஆகஸ்ட் 16ஆம் நாள் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் வாக்குரிமை கேட்டுக் கூடினர். ஞாயிற்றுக்கிழமை ஆடை அணிந்து, மனைவி மக்களுடன் அணிவகுத்து வந்தனர். அதிகாரிகளின் கண்ணுக்கு அவர்கள் திரளாக மட்டுமே தெரிந்தனர். குதிரைப்படை வாளுடன் புகுந்தது. பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வாள் வீசியவர்களுக்குப் பாராட்டு. பேச வந்த ஹென்றி ஹன்ட்டுக்கு முப்பது மாதச் சிறை. பஞ்ச காலங்களில் ஆங்கிலேய ஏழைகள் தானியக் கிடங்கைத் திறந்து, நியாய விலைக்கு விற்று, பணத்தை உரியவனிடமே கொடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு, 1971இல் இ. பி. தாம்சன் அவற்றை எழுதிக் காட்டும்வரை, அவையும் 'மாப்' என்னும் ஒரே பெட்டியில்தான் கிடந்தன. கொல்ல வந்தவனுக்கும் கோதுமை கேட்டு வந்தவனுக்கும் ஒரே பெயர் என்றால், அப்பெயரால் ஆதாயம் அடைபவர் யாரென்று நாம் சொல்லவும் வேண்டுமா?

பிற வழக்குகளை விரைந்து காண்போம். அமெரிக்காவில் அடைச்சொல் சேர்த்து 'தி மாப்' என்றால் மாஃபியா, அக்கூட்டத்தான் 'மாப்ஸ்டர்'. ஆஸ்திரேலிய இடையர்க்கு மாப் என்றால் ஆட்டு மந்தை. கங்காருக் கூட்டமும் அதுவே. காக்கைகள் கூடிப் பருந்தை விரட்டுவதைப் பறவையியலார் 'மாபிங்' என்கின்றனர். 2003இல் நியூயார்க்கில் ஒரு கடைக்குள் திடீரெனக் கூடித் திடீரெனக் கலைந்த விளையாட்டுக்கு 'ஃப்ளாஷ் மாப்' என்று பெயர். நம் இல்லங்களில் தரை துடைக்கும் கோலுக்குரிய ஆங்கிலச் சொல் வேறு. ஆயினும் தமிழெழுத்தில் அதுவும் 'மாப்' என்றே அமைகிறது. கறையைத் துடைக்கும் தொழிலில் இரண்டும் ஒன்றுபடுவது தற்செயலே!

ஒரு வழக்கு மட்டும் நம் தலையைக் குனிய வைக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இதே சொல்லை எடுத்துத் தம் குலத்திற்கும் சுற்றத்திற்கும் பெயராக்கிக்கொண்டனர். இருவர் முதன்முறை சந்திக்கையில், உன் மாப் எது என்று கேட்கின்றனர். கேட்கப்பட்டவர் தம் ஊரையும் நிலத்தையும் முன்னோரையும் சொல்வார். இலண்டன் கனவான்கள் முகமற்றவர்களைக் குறிக்கச் செய்த சொல், அங்கு ஒருவர் தம் முகத்தைக் காட்டும் சொல்லாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இக்குழப்பத்திற்கு இடந்தரவில்லை. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோத நோக்கத்துடன் கூடினால், பொது நோக்கத்திற்காகச் செய்யப்பட்ட குற்றத்திற்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்றது அதன் 149ஆம் பிரிவு. 2018 ஜூலை 17இல் உச்ச நீதிமன்றம், கும்பலாட்சிக்கு இடந்தரலாகாது எனக் கண்டித்து, மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குமாறு ஆணையிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இனம், சாதி அல்லது சமூகம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை முதலியவற்றின் பொருட்டு ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் கொலை செய்தால், அவர்களுள் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்கிறது. ஒவ்வொருவருக்கும் என்பதே அங்கு உயிரான சொல். சட்டம் எண்ணிப் பார்க்கிறது. ஏடுகள் எண்ண மறுக்கின்றன.

தமிழில் 'கும்பல்' முன்னர் இத்துணைக் கொடிய சொல்லாக இருந்ததில்லை. திருவிழாவிலும் கும்பல் உண்டு. கும்பலோடு கோவிந்தா போடுவதும் உண்டு. இன்று 'மர்மக் கும்பல்', 'மர்ம நபர்கள்' என்று நம் நிருபர்கள் எழுதும்போது, அவற்றுள் மர்மம் எங்கே உள்ளது என்று நாம் வியப்பதுண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என அடித்தே கொல்லப்பட்டார். அவர் வயது 65. பட்டப்பகலில், ஊரார் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் நடந்த செயல் அது. அவ்வூரில் யாருக்கு யார் மர்மம்? அந்த வதந்தி பரவியது கைப்பேசி வழியாக. 'மோபிலே' என்னும் அதே இலத்தீன் சொல்தான் இன்று 'மொபைல்' என நம் சட்டைப்பையில் கிடக்கிறது. அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனமே ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதவாறு இந்தியாவில் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. இயந்திரத்திற்குக்கூடக் கணக்கு வந்துவிட்டது. நம் செய்தி நடைக்கு வரவில்லை.

அந்தச் செய்தியாசிரியரிடம் நாம் கேட்டது பெரிதொன்றுமன்று. எத்தனை பேர் என்று எழுதுங்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று எழுதுங்கள். காவல்துறை பெயர் சொல்லியிருந்தால், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் என்ற குறிப்புடன் அப்பெயர்களை எழுதுங்கள். முதலில் கூப்பிட்டது யார், ஒலிபெருக்கி யாருடையது, கொடியை வாங்கித் தந்தது யார் என்று கேட்டு எழுதுங்கள். 'அடித்துக் கொல்லப்பட்டார்' என்னும் செயப்பாட்டு வினையை விட்டு, 'இன்னின்னார் அடித்துக் கொன்றதாக வழக்கு' என்று செய்வினையில் எழுதுங்கள். நான்கு வரி கூடுதலாகும். கோழித் திருடனின் படத்தை ஒருநாள் எடுத்துவிட்டால் அந்த இடம் கிடைத்துவிடும்.